போட்டோ ஜைனம்புவும் உறைந்துபோகும் கேமராவும்

குளச்சலில் ஜைனம்பு என்று கூப்பிட்டால் ஏழெட்டுப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். போட்டோ ஜைனம்பு என்றால் ஒருத்திதான். நாற்பத்தாறு வயது, ஒடிசலான உடம்பு, கறுப்புப் பர்தாவுக்கு மேலே குறுக்காகத் தொங்கும் கேமராப் பை, நடையில் எப்போதும் ஒரு அவசரம். தேங்காப்பட்டணம் தொட்டுக் கோட்டாறு வரைக்கும் நிக்காஹ் நாள் குறித்ததும் பள்ளிவாசலுக்குச் சொல்வார்கள், பிரியாணி வைக்கிறவருக்குச் சொல்வார்கள், மூன்றாவதாக ஜைனம்புவுக்குச் சொல்வார்கள். சில வீடுகளில் அவளுக்குத் தோது உண்டா என்று கேட்ட பிறகுதான் மாப்பிள்ளை வீட்டுக்கே தேதி போகும் என்று பேச்சு. இதில் மிகை கொஞ்சம் உண்டு, ரொம்ப இல்லை.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் எட்டிப் பார்க்க முடியாது. அங்கே முக்காடு விலகும், தலையில் பூ ஏறும், சிரிப்பு கூரையைத் தூக்கும். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து வருகிறவர்களின் செல்போன்களை எல்லாம் வாங்கிப் போட்டுவிடுவார்கள். உள்ளே ஒரே ஒரு கேமராவுக்குத்தான் அனுமதி. விருந்து முடிந்ததும் ஜைனம்பு கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் உம்மா கையில் வைத்துவிடுவாள். ஆல்பம் வேண்டுமென்றால் அந்த உம்மாவே கார்டோடு வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். வேலை முடிந்ததும் கார்டை எடுத்துக்கொண்டு போகலாம். இருபத்தைந்து வருஷமாக இதுதான் அவள் சட்டம். ஒரு படம்கூட ஒரு ஆணின் கைக்குப் போனதில்லை.

பிலிம் காலத்தில் இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவது இன்னும் கஷ்டம். முதல் பிலிம் சுருளைத் தூக்கிக்கொண்டு கருங்கலில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனாள். முதலாளியின் மகள் ராஜபாய் மேசையில் இருந்தாள். "இதைக் கழுவுறது ஆணா, பெண்ணா?" என்று ஜைனம்பு கேட்க, "ஏன், பிலிமுக்கு வெக்கமா?" என்று அவள் சிரித்தாள். விஷயம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அன்றிலிருந்து ஜைனம்புவின் சுருள்களை மட்டும் ராஜபாயே இருட்டறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கழுவினாள். இவள் வெள்ளிக்கிழமைக்காரி, அவள் ஞாயிற்றுக்கிழமைக்காரி. சிநேகம் வாரம் ஏழு நாளும் நடந்தது.

போன மாசி மாதம் ஜைனம்புவின் பழைய டிஜிட்டல் கேமரா ஒரேயடியாக மூச்சை நிறுத்திவிட்டது. மஸ்கட்டிலிருக்கும் கணவர் உவைஸ், ஊருக்கு வந்த ஒருவரிடம் புதுக் கேமரா ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ஜைனம்பு பெட்டியைப் பிரித்து அதைக் கையில் எடுத்தாள். யாருடைய முகத்துக்கு நேரே நீட்டினாலும் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் போய் அந்த ஆளின் கண்மேல் உட்கார்ந்தது. ஆள் நடந்தால் கட்டமும் நடந்தது. சன்னலுக்கு வெளியே போன பூனையின் கண்ணைக்கூட அது விடவில்லை. "யா அல்லாஹ், இதுக்குக் கண்ணு எதுண்ணு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று வாய்விட்டே கேட்டாள்.

அவள் வீட்டில் புதுத் துணியோ புதுக் குடமோ எது வந்தாலும் பிஸ்மி சொல்லி ஒரு பொட்டு அத்தர் தொட்டு வைக்கிற வழக்கம் உண்டு. முதல் கேமராவுக்குத் தோல் உறையில் வைத்தாள், இரண்டாவதற்கு வாரில். இதற்கு அப்படி மேலோட்டமாக வைக்க மனசு வரவில்லை. லென்ஸ் மாட்டுகிற வாயின் மூடியைத் திறந்து பார்த்தாள். உள் வளையத்தின் அடியில் பத்துப் பதினைந்து பொன் புள்ளிகள் வரிசையாக மினுங்கின. இவ்வளவு அழகை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்களே என்று பிரமித்துப்போய், அகில் கட்டையில் எடுத்த ஊது அத்தர் தொட்ட விரலை அந்தப் பொன் வரிசையின்மேல் பக்தியோடு ஒரு தடவு தடவினாள். பிறகு லென்ஸை மாட்டினாள்.

மூன்றாம் நாள் கேமரா உறைந்தது. திரையில் அண்டை வீட்டுப் பிள்ளை பாதிச் சிரிப்பில் நின்றது. பிள்ளை எழுந்து ஓடிய பிறகும் திரையில் சிரித்துக்கொண்டே இருந்தது. அணைக்கிற பித்தானை அமுக்கினால் அணையவில்லை. பேட்டரியைப் பிடுங்கித்தான் உயிரை நிறுத்த வேண்டியிருந்தது. மறுபடி போட்டால் ஒரு மணி நேரம் சமர்த்தாக வேலை செய்யும். அப்புறம் திடீரென்று படம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெளுக்கும். இல்லாவிட்டால் லென்ஸ் மாட்டியிருக்கும்போதே லென்ஸ் இல்லை என்று சாதிக்கும்.

"சவத்து கேமரா!" என்று திட்டிவிட்டு, புது சாமானைத் திட்டினோமே என்று அதையே தடவியும் கொடுத்தாள்.

இன்னும் ஒன்பது நாளில் தேங்காப்பட்டணத்தில் சுமைராவின் நிக்காஹ். சுமைராவின் உம்மா நபீசாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கேமராவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிற மனுஷி. ஆதார் அட்டைக்கு எடுத்தார்கள்தான். அந்தப் படத்தைப் பார்த்து "இது ஏதோ களவுகேசுல பிடிபட்டவ" என்று சொல்லி அட்டையைப் பெட்டிக்கு அடியில் போட்டவள். மகள் கல்யாணம் கழிந்து மாப்பிள்ளையோடு தோஹாவுக்குப் போகிறாள். "உனக்க ஒரு படம் இல்லாம நான் பிளேன் ஏற மாட்டேன் உம்மா" என்று ஒரு வருஷமாக மல்லுக்கட்டி, கடைசியில் நபீசாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள். ஒரே ஒரு படம். அதுவும் ஜைனம்பு எடுத்தால் மட்டும்.

ஜைனம்பு ராஜபாய்க்குப் போன் போட்டாள்.

"மக்கா, பதறாத. ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்து, கேட்டியா? பேட்டரி, கார்டு, லென்ஸ் மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புனா எந்தக் கள்ளன்னு தெரியாது" என்றாள் ராஜபாய்.

ஜைனம்பு ஒரு நோட்டு போட்டாள். எப்போது உறைந்தது, எந்த லென்ஸ், எந்த பேட்டரி, வெயிலா நிழலா என்று ஒவ்வொன்றும் எழுதினாள். பேட்டரியை மாற்றினாள், உறைந்தது. கார்டை மாற்றினாள், உறைந்தது. ராஜபாயின் மகள் உதவியோடு கேமராவின் உள் மென்பொருளைப் புதுப்பித்தாள், அன்றைக்கும் உறைந்தது. கேமராவோடு வந்த இரண்டாவது லென்ஸை மாட்டினாள். ஒரு நாள் முழுக்க ஒரு குற்றம் குறை இல்லை. ஆகா, கள்ளன் முதல் லென்ஸ்தான் என்று இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதுவிட்டு வந்தால், மறுநாள் உச்சிவெயிலில் இரண்டாவது லென்ஸும் அதே சேட்டையைத் தொடங்கியது. அங்கேதான் அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆனது. லென்ஸைத் திருகும்போது அதிகமாக உறைகிறது, சூட்டில் அதிகமாக உறைகிறது. நோட்டு அவ்வளவுதான் சொன்னது.

பழுது பார்க்கும் இடத்துக்குப் போன் செய்தாள். பொறுமையான ஒரு ஆண் குரல், "பிழை வந்த படங்களோட கார்டையும் சேர்த்துக் கொண்டாங்க மேடம், பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றது. அந்தப் படங்களில் இருந்தவர்கள் முந்தின நாள் மருதாணி போட்ட வீட்டுப் பெண்கள்; கார்டும் அந்த வீட்டு உம்மா கையில் இருந்தது. "அது முடியாது" என்று வைத்துவிட்டாள். சும்மா படம் எடுத்துக் கொண்டுபோகலாமே என்றாள் ராஜபாய். கொண்டுபோகலாம், ஆனால் கேமரா திரும்ப இருபது நாள் ஆகும். "எனக்க பழைய கேமராவ எடுத்துட்டுப் போ" என்றும் ராஜபாய் சொன்னாள். ஆனால் நிக்காஹ் அன்றைக்கென்று பார்த்து அவளுக்கும் மார்த்தாண்டத்தில் படமெடுக்க ஒரு கல்யாணம், இரண்டு கேமராவும் வேண்டும். அதைக் கேட்டு வாங்க ஜைனம்புவுக்கு வாய் வரவில்லை.

நிக்காஹ் அன்று புதுக் கேமரா காலையிலிருந்து மூன்று முறைதான் மல்லாந்தது. ஒவ்வொரு முறையும் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டு ஒப்பேற்றினாள். மணப்பெண் படங்கள் நன்றாகவே வந்தன. நிக்காஹ் ஓதி முடிந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டதும், சுமைரா உம்மாவின் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்து வந்தாள். கதவு சாத்தியாயிற்று. மூன்று பேர்தான்.

நபீசா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முக்காட்டை விலக்கி, நரைத்த முடியைக் கையால் ஒதுக்கினாள்.

"சட்டுன்னு எடு மக்களே. மனசு மாறிப் போவும்."

ஜைனம்பு கேமராவைத் தூக்கினாள். பச்சைக் கட்டம் நபீசாவின் கண்ணில் போய் உட்கார்ந்தது. பித்தானைப் பாதி அமுக்கினாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். திரை உறைந்தது.

பேட்டரியைப் பிடுங்கினாள், போட்டாள். உறைந்தது. லென்ஸை மாற்றினாள். லென்ஸே இல்லை என்றது. மறுபடி மாற்றினாள். ஒன்றுமில்லை. நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த சுமைராவின் முகம் சுருங்கியது.

"பரவாயில்ல, விட்டிரு. அல்லாஹ் நாடல்ல போல" என்று நபீசா எழுந்தாள். அவள் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது, நிறைய ஏமாற்றம் இருந்தது. அதுதான் ஜைனம்புவைக் குத்தியது. இந்த மனுஷிக்கும் ஆசை இருந்திருக்கிறது.

எழுந்தவள் சும்மா போகவில்லை. கல்யாணத்துக்கு வந்த ஆளை வாட்டமாக விடலாமா? மேசையில் இருந்த அத்தர்க் குப்பியைத் திறந்து, விரலில் தொட்டு, ஜைனம்புவின் மணிக்கட்டில் மெல்லத் தடவினாள். "வெசனப்படாத மக்களே."

ஜைனம்பு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அத்தர் எண்ணெயாக மினுங்கியது. தடவிய இடத்தை மறு கை விரலால் தொட்டாள். அந்த விரலும் மினுங்கியது. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

"யா ரப்பே" என்றாள். "நாந்தான் மாமி! கள்ளன் நாந்தான்!"

லென்ஸைக் கழற்றினாள். அந்தப் பொன் வரிசைதான் கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்கிற இடம். அதன்மேல் அருளும் பரக்கத்தும் வேண்டித் தன் கையாலேயே எண்ணெய் பூசி, முதல் லென்ஸுக்கும் ஒட்டவைத்து, அதிலிருந்து மிச்சத்தை இரண்டாவதற்கும் கொடுத்து, பத்து நாள் ஊரெல்லாம் குற்றவாளியைத் தேடியிருக்கிறாள்.

"மாமி, ஸ்பிரிட் இருக்கா? ஊசி போடுறதுக்கு முன்ன தொடைக்கது?"

நபீசாவுக்குச் சர்க்கரை. எங்கே போனாலும் இன்சுலின் பை கூடவே போகும். அதிலிருந்து சின்னச் சின்னத் தாள் பொட்டலங்களை எடுத்து நீட்டினாள். ஜைனம்பு கேமராவின் வாயைத் தரை பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, ஈரம் உள்ளே போகாமல் ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தாள். பிறகு லென்ஸின் புள்ளிகளை. பொட்டலத்துக்குள் இருந்த வெள்ளைத் துணி இளம் மஞ்சளாக வந்தது. ஊது வாசம் வந்தது. காய்வதற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். தொப்பூழ் கொடி அறுத்த பிள்ளை அழுகிறதா என்று பார்க்கிறமாதிரி இருந்தது அந்தக் காத்திருப்பு.

லென்ஸைப் பொருத்தி, திருகினாள். உறையவில்லை. முன்னும் பின்னும் திருகினாள். உறையவில்லை.

"உக்காருங்க மாமி."

நபீசா உட்கார்ந்தாள். ஆனால் கேமராவைப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் முகத்தைத் திருப்பிப் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். பட்டும் பூவுமாக நின்ற மகளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். பச்சைக் கட்டம் அவள் கண்ணை விடவே இல்லை. இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ முகங்களை ஜைனம்பு பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.

படத்தைத் திரையில் கொண்டுவந்து நபீசாவிடம் நீட்டினாள். நபீசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"பிடிக்கல்லியா உம்மா?" என்று சுமைரா பயந்து கேட்டாள்.

"இது எனக்க உம்மா" என்றாள் நபீசா.

அவளுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது அவள் உம்மா மௌத்தானாள். அந்தக் காலத்தில் அந்த வீட்டில் யாருக்கும் படம் கிடையாது. வயது ஆக ஆக முகம் மறந்துகொண்டே வந்து, கடைசியில் குரல் மட்டும் மிச்சமிருந்தது.

"கண்ணாடியில எத்தற வட்டம் பாத்திருக்கேன். இந்த மொகம் ஒருநாளும் வரல்ல" என்றாள் நபீசா. "அவொ என்னைய இப்பிடித்தான் பாப்பாவொ. பள்ளிக்கூடம் போவதுக்கு முந்தி வாசல்ல நிப்பாட்டி, இந்தப் பார்வைதான். நான் பிள்ளைய பாக்கும்போ எனக்க மொகத்த நான் எங்க கண்டேன்?"

ஜைனம்பு கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். மனிதர்கள் செய்த ஒரு கருவி. அதற்குக் கண் எது என்று மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். நாற்பத்தேழு வருஷத்துக்கு முன் மண்ணுக்குள் போன ஒரு பார்வையை அது எங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்தது? அவன் நாடினால் எதில் வேண்டுமானாலும் காட்டுவான் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

கார்டைக் கழற்றி, வழக்கம்போல, மணப்பெண்ணின் உம்மா கையில் வைத்தாள். நபீசா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தாள். பிறகு, நெஞ்சு நிறைந்துபோய், அத்தர்க் குப்பியில் மறுபடி விரலை விட்டு, மேசையில் வாய் திறந்து கிடந்த கேமராவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"மாமி!" என்று ஜைனம்பு அந்தக் கையைப் பாதியில் எட்டிப் பிடித்து, தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.