இருபது மைலைத் தாண்டாத கிளிஃபர்டு

கிளிஃபர்டு டாட்டர்சால் முப்பது வருடம் சவ வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது அந்தப் பழைய வண்டியையே அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டார். நானும் ஹேசலும் ஜோடியாகக் கிதார் வாசித்துப் பாடக் கிளம்பிய 1974-இல், எங்களை ஏற்றிக்கொண்டு போக அவரைத் தவிர ஆள் கிடைக்கவில்லை. சவப்பெட்டி இருந்த இடத்தில் கிதார்கள் படுத்துக்கொள்ளும். வழியில் கிழவர்கள் உள்ளே பிணம் இருப்பதாக நினைத்து மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுவார்கள். மனுஷன் மணிக்கு இருபது மைலைத் தாண்டவே மாட்டார். கேட்டால், "பின்னாடி வர்றவங்க வழி தவறிடக் கூடாதுப்பா" என்பார். பின்னால் யாரும் வருவதில்லை. எங்கள் பாட்டுக்கும்தான்.

யார்க்‌ஷயர் மலையடிவாரத்துப் பப் ஒன்றில் வெள்ளிக்கிழமை மதியம்தோறும் பாடினோம். மூன்றாவது வாரம் ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தூங்கிவிட்டார். பப்பை நடத்திய மொரீன் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அடுத்த வாரம் இருபது தலை தேறலேன்னா டார்ட்ஸ் போட்டி வெச்சுக்கறேன் கண்ணு." வேறெங்கும் எங்களைக் கூப்பிடுவார் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாற்சந்தியில் நிஜச் சாவு ஊர்வலம் ஒன்று. முன்னால் போன சவ வண்டி சிக்னலைத் தாண்டிவிட்டது. உறவினர்களின் ஏழு கார்கள் சிவப்பு விளக்கில் நின்றுவிட்டன. அந்த இடைவெளியில் பக்கத்துத் தெருவிலிருந்து நாங்கள் திரும்பினோம். விளக்கு மாறியதும் ஏழு கார்களும் எங்களைப் பின்தொடர்ந்தன. வேகமாகப் போகச் சொல்லி ஹேசல் கெஞ்சினாள். கண்ணாடியில் கார்களைப் பார்த்த கிளிஃபர்டு முகம் மலர்ந்து, வேகத்தைப் பதினைந்து மைலுக்குக் குறைத்தார்.

பப் வாசலில் கறுப்புடையில் இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். கிதாரைக் கண்டதுமே இடம் தப்பு என்று புரிந்திருக்கும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் உயிரே போனாலும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வரிசையாக உட்கார்ந்து பீர் வாங்கினார்கள். மொரீன் விரல்விட்டுத் தலை எண்ணினாள். பாடினோம். அவர்கள் மரியாதையாகக் கைதட்டி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது பாட்டோடு எனக்கு மனசு கேட்கவில்லை. அவர்கள் எழுந்து போனால் எங்கள் பிழைப்பு போச்சு, தெரியும். இருந்தாலும் முன்வரிசையில் இருந்த விதவையிடம் குனிந்து, கல்லறைத் தோட்டத்தில் உங்கள் கணவர் காத்திருப்பாரே அம்மா என்றேன்.

அந்த அம்மாள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நாப்பது வருஷம் இந்த மாதிரி கடையில உக்காந்துக்கிட்டு என்னை வீட்ல காக்க வெச்சாரு. இன்னிக்கு ஒரு நாள் அவரு காத்துக் கிடக்கட்டும். நீ பாடு தம்பி."

இன்னும் ஐந்து பாட்டு பாடினோம். பிறகு கிளிஃபர்டு தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒருவரையும் தவறவிடாமல் எல்லோரையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்.