துரைசானியின் காம்ஃப்ரிப் பாத்தி

என் இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்திருக்கும். பிறவியிலேயே அப்படியா என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். என் அப்பா ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்ததால் எனக்கு எழுத வரும். வாயால் யாரிடமும் முழுசாகச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

கல்யாணமான கையோடு சிங்கப்பூருக்குக் கப்பலேறினேன். என் கணவர் தங்ளின் மேட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். குதிரை லாயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். நான் வந்த வருடம்தான் துரைசானிக்குச் சீமையிலிருந்து அவள் தாயார் ஒரு மரப்பெட்டி அனுப்பினாள். உள்ளே ஈரப் பாசியில் பொதிந்த ஐந்து வேர்த்துண்டுகள். வெளியே கரி மாதிரி கறுப்பு, உடைத்தால் உள்ளே வெள்ளை, தொட்டால் வெண்டைக்காய் போல வழவழப்பு. காம்ஃப்ரி என்றாள் துரைசானி. என் கணவர் வாயில் அது காம்பிரி ஆயிற்று.

இந்த ஊர் வெயிலுக்கு அது பிழைக்காது என்று துரை சொன்னாராம். என் கணவர் பிழைக்க வைத்தார். மங்குஸ்தான் மர நிழலில் மேட்டுப்பாத்தி கட்டி, குதிரைச் சாணத்தை மக்க வைத்துப் போட்டார். பெருமழை அடித்தால் ஓலைத் தட்டி வைத்து மறைப்பார். இரண்டு வருடத்தில் ஐந்து செடி முப்பதாயிற்று. முழ நீள இலைகள், மேலெல்லாம் சுணை. அதைத் தொட்ட கையோடு அவர் வந்து என்னைத் தொட்டால் எனக்கு அரிக்கும். எங்கள் குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் இறந்துபோனது. புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமும் அவர் பாத்திக்குப் போய் நத்தை பொறுக்கினார்.

உடைந்த எலும்பை ஒட்ட வைக்கும் செடி அது என்று துரைசானி அவருக்குச் சொல்லியிருந்தாள். வேரைத் துருவித் துணியில் தடவிக் கட்டினால் காரை மாதிரி இறுகிக்கொள்ளுமாம். அவர் அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

பாத்திக்குத் தண்ணீர் சுமப்பது என் வேலை. காலையில் பன்னிரண்டு வாளி, மாலையில் பன்னிரண்டு வாளி. ஒருநாள் கிணற்றடியிலிருந்து இறங்கும்போது பாசி படிந்த படியில் சறுக்கிப் பாத்திமேல் விழுந்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் ஓடி வந்தார்.

"எந்திரிடி! செடி மேலயா விழுவ, எந்திரி!"

"கை ஒடிஞ்சு போச்சுங்க."

அவர் குனிந்து நசுங்கிய செடியை நிமிர்த்தி, குச்சி நட்டுக் கட்டினார். அதற்கப்புறம்தான் என்னைத் தூக்கினார்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கையை வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, மூங்கில் பட்டை வைத்துத் தானே கட்டினார். மூன்றாம் நாள் கை வீங்கிக் கறுத்தது. வலி தாங்காமல் நானே கேட்டேன்.

"அந்த வேர்ல ஒண்ணு அரைச்சுக் கட்டுங்களேன். துரைசானிகிட்ட கேட்டுப் பாருங்க."

"கேட்டாச்சு. முடியாதுன்னுட்டா. செடிக் காட்சிக்கு வெக்கப் போறாளாம். ஒரு வேரு கூடத் தொடக் கூடாதாம்."

நம்பினேன். வெள்ளைக்காரி அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துத் துரைசானியின் மட்டக்குதிரை கால் பிசகி நொண்டியது. என் கணவர் இரண்டு வேரைத் தோண்டிக் கொண்டுவந்து, ஆணியால் துளையிட்ட ஒரு தகரத்தோடு என் முன்னால் போட்டார்.

"இதைத் துருவு."

"தொடக் கூடாதுன்னு சொன்னாளே?"

"குதிரைக்குன்னா தருவா. நீ என்ன குதிரையா?"

"ஒத்தைக் கையால எப்படிங்க துருவுறது?"

"தகரத்தைக் காலால மிதிச்சுக்க."

மிதித்துக்கொண்டு துருவினேன். விரலில் ஒட்டியிருந்ததை என் கையில் தடவப் போனேன். "குதிரைக்கே பத்தாதுடி" என்று என் விரலைப் பிடித்து அதையும் வழித்து எடுத்துக்கொண்டார். குதிரைக்கு ஒரே வாரத்தில் கால் சரியாயிற்று. என் கை இப்படி ஒட்டிக்கொண்டது.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்த துரைசானி நின்று, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வேலைக்காரர்களிடம் அவள் மலாயில்தான் பேசுவாள்; அதற்குள் எனக்கும் மலாய் கொஞ்சம் வந்திருந்தது. எப்போது உடைந்தது என்று கேட்டாள். சொன்னேன்.

"கெனாப்பா தா மிந்தா?" என்றாள். ஏன் கேட்கவில்லை என்று அர்த்தம். பாத்தியைக் கைகாட்டினாள். இவ்வளவு இருக்கிறதே, உன் புருஷன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றாள். அவள் கண் கலங்கியது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் கேட்கவே இல்லை. காட்சிக்கு வைக்கும் செடியில் ஒன்று குறையக் கூடாது, அவ்வளவுதான். குதிரைக்கு வேண்டும் என்று துரைசானியே வந்து கேட்டதால் தோண்டினார்.

மறுநாள் அவர் முன்பக்கம் புல் வெட்டப் போனதும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து எடுத்துப் போய், செடிகளின் தூரில் ஊற்றினேன். ஒரு நாளைக்கு நாலைந்து செடி. மேலே தண்ணீர் தெளித்து மண்ணை ஆற்றிவிடுவேன். முதலில் ஊற்றியவை நாலாம் நாளே தொங்கிவிட்டன. அவர் தோண்டிப் பார்த்தார். வேர் கூழாகிப் போயிருந்தது. எடுத்து முகர்ந்தார்.

"புழுவும் இல்ல, எறும்பும் இல்ல. எப்படிடி அழுகுது?"

"மழை ஜாஸ்தி" என்றேன்.

மிச்சச் செடிகளுக்குச் சாம்பல் தூவினார், மண்ணை மாற்றினார், பகலெல்லாம் பாத்தியருகிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிட வரும் நேரம் பார்த்து ஊற்றினேன். ஒன்பதாம் நாள் பாத்தி காலி. அதன் நடுவில் உட்கார்ந்து மூக்கொழுக அழுதார். குழந்தைக்கு அழாதவர். அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

துரை அவரை வேலையை விட்டு நிறுத்தினார். துரைசானி தடுக்கவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு எருமைக் கொட்டகைக்குப் பின்னால் அறை பிடித்தோம். நான் கொட்டகையில் சாணி அள்ளினேன். அவர் தஞ்சோங் பகாரில் கப்பல்களுக்கு நிலக்கரி சுமக்கப் போனார். மூன்றாம் வருடம் நெஞ்சு கட்டிப் படுத்துவிட்டார். எச்சில்கூடக் கறுப்பாக வந்தது.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"காம்பிரி தானா அழுகல. நான்தான் வெந்நி ஊத்துனேன்."

வாயிலிருந்த கஞ்சியை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்டி?"

வளைந்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்த்தாரா என்று தெரியவில்லை.

"அதுங்க உன்னைய என்னடி பண்ணுச்சுங்க?" என்றார்.

அடுத்த கரண்டியை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு என் கையால் அவர் எதையும் வாங்கிக் குடிக்கவில்லை. பக்கத்து அறைக்காரர் கொடுத்தால் இரண்டு வாய் குடிப்பார். நானும் வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் தாங்கினார்.

தூக்கிக்கொண்டு போன பிறகு அறையைக் கழுவித் தள்ளிவிட்டுக் குளித்தேன். நல்ல பசி. காலையில் அவருக்கென்று காய்ச்சிய கஞ்சி சட்டியில் அப்படியே இருந்தது. உப்புப் போட்டுக் குடித்தேன்.