வீட்டுத் தொட்டி

என் அண்ணிக்கு வெள்ளை என்றால் உயிர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பதுதான் எங்கள் சலவைக்கடையின் முக்கியமான வேலை. அண்ணன் வண்டியில் அழுக்கு மூட்டைகளை ஏற்றி வருவான், அண்ணி வெளுப்பாள், நான் இஸ்திரி போடுவேன். கல்யாணமாகாத நாத்தனாரும் அண்ணியும் ஒரே கடையில் முப்பது வருஷம் எப்படிக் குப்பை கொட்டினார்கள் என்று கேட்காதீர்கள். தினமும் சண்டை போட்டுத்தான் கொட்டினோம்.

கடையின் பின்பக்கம் மூன்று சிமெண்டுத் தொட்டிகள். பெரியது வெள்ளைக்கு. நடுவில் இருப்பது சாயத் துணிக்கு. மூலையில் இருக்கும் சின்னது எங்கள் வீட்டுத் துணிக்கு. வாடிக்கைக்காரர் துணியோடு வீட்டுத் துணி கலந்தால் அண்ணி ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால் எங்கள் துணிகளின் ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அண்ணன் மகன் ஏழு வயதிலேயே அதைத் தைக்கப் பழகிவிட்டான். அவன் போடுகிற குறியில் மட்டும் ஒரு கால் எப்போதும் நீளமாக இழுத்துக்கொண்டிருக்கும். நொண்டிப் பெருக்கல் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் மாடி அறைக்கு ஒரு சாமியார் குடிவந்தார். தனி ஆள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், கொஞ்சம் புத்தகங்கள். மூன்றாம் நாள் காலையில் தன் வேட்டியைக் காவிமண்ணில் தோய்த்து, பிழியாமல், மாடிச் சுவரில் தொங்கவிட்டுவிட்டு தியானத்தில் உட்கார்ந்துவிட்டார். நேர் கீழே எங்கள் கொடியில் நாற்பது வெள்ளை விரிப்புகள்.

அண்ணி பார்த்தபோது பதின்மூன்று விரிப்புகளில் காவி சொட்டியிருந்தது. படியில் இரண்டிரண்டாக ஏறினாள். நான் பின்னால் ஓடினேன், வேடிக்கை பார்க்கத்தான்.

“சாமி! நீங்க பாட்டுக்கு கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துட்டீங்க. கீழ என் பொழப்பு போச்சு!”

அவர் கண்ணைத் திறந்தார். கீழே இறங்கி வந்து விரிப்புகளைப் பார்த்தார். ஒரு சமாதானமும் சொல்லவில்லை. “தப்பு என்னோடதும்மா. என்ன செய்யணும்னு சொல்லுங்க” என்றார்.

“தோய்ங்க” என்றாள் அண்ணி.

நாலு நாள் தோய்த்தார். அண்ணி பக்கத்தில் நின்று சோப்பை இன்னும் போடு, இன்னும் கசக்கு என்று வேலை வாங்கினாள். கறை மங்கியதே தவிரப் போகவில்லை. கடைசியில் அந்தப் பதின்மூன்றும் எங்கள் வீட்டுப் படுக்கைக்கு வந்து சேர்ந்தன. “வெள்ளையைக் காவியாக்கிடலாம். காவியைத் திரும்ப வெள்ளையாக்க யாராலயும் முடியாது” என்று அண்ணி அன்று அலுத்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாலாம் நாள்தான் அவர் இங்கே ஒரு மடம் தொடங்க வந்திருப்பதாகச் சொன்னார். அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஒரு வேட்டியை ஒழுங்கா காயப்போடத் தெரியல. நீங்க மடம் நடத்தப் போறீங்களா?”

“அதுக்குத்தாம்மா தெரிஞ்சவங்களா தேடறேன்” என்றார் அவர்.

அன்றோடு காவிமண் ஒழிந்தது. வெந்நீரில் சாயப்பொடியும் உப்பும் போட்டு அண்ணியே அவருக்குத் துணி நனைத்துக் கொடுக்கத் தொடங்கினாள். அந்த மடத்துக்கு அடிக்கல் எது என்று யாராவது என்னைக் கேட்டால் எங்கள் நடுத்தொட்டி என்றுதான் சொல்வேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஐந்து பேர். அதில் இரண்டு பேர் துணி வாங்க வந்து, மழைக்காக மாடியேறியவர்கள். பிறகு சாயங்காலங்களில் படிக்கட்டில் பிள்ளைகளுக்குப் பாடம். பிறகு ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் வாரத்தில் இரண்டு காலை வந்து இலவசமாக வைத்தியம் பார்த்தார், என் இஸ்திரி மேசைமேல். அந்த நாட்களில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எதிரே பூட்டிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலையை அதன் சொந்தக்காரர் மடத்துக்கு எழுதிக்கொடுத்த பிறகுதான் என் மேசை எனக்குத் திரும்பியது. இருபது வருஷத்தில் அங்கே பதினோரு சாமியார்கள், இருபது படுக்கை உள்ள வைத்தியசாலை, யார் வந்தாலும் மதியச் சாப்பாடு. சாமியார் பெரியசாமி ஆனார். முழங்கால் வலி வந்தது. மற்றபடி அவர் மாறவில்லை.

மாறாத இன்னொன்று அந்த அலமாரி. துணி மாறிப் போகாமல் இருக்க ஆளுக்கொரு குறி தைக்கிறேன் என்று அண்ணி கேட்டதற்கு, “வேண்டாம்மா. எங்களுக்கு ஒரே அலமாரி. மேல எது இருக்கோ அதை எடுத்துக் கட்டிக்குவோம். இது என்னோடதுன்னு எதுவும் கிடையாது” என்றுவிட்டார் பெரியசாமி. குறியில்லாத துணியை வெளுத்துக் கொடுப்பது அண்ணிக்குத் தலையில்லாத ஆளுக்குத் தொப்பி தைப்பது மாதிரி. மாதக்கணக்கில் முணுமுணுத்தாள்.

அண்ணன் மகன் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு படித்தான். வேலை முடிந்ததும் நேரே மடத்து வைத்தியசாலைக்குப் போவான். இருபத்திநாலு வயதில் அங்கேயே தங்கிவிட்டான். அண்ணி பெரிதாக அழவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அங்கே வெள்ளைதான். வெள்ளை கட்டினவன் நினைத்தால் வீடு திரும்பலாம். “சும்மா கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்று ஒன்பது வருஷம் சொன்னாள்.

ஒன்பதாம் வருஷம் பெரியசாமி சொல்லியனுப்பினார். இவனுக்குக் காவி கொடுக்கும் நேரம் வந்துவிட்டது, ஆனால் பெற்றவள் தன் வாயால் சரி என்று சொல்லாமல் கொடுப்பதில்லை, அதுதான் மடத்து முறை. துணியும் வழக்கம்போல அண்ணி நனைத்துத் தர வேண்டும்.

“சாயப்பொடி தீந்துபோச்சுன்னு சொல்லு” என்றாள் அண்ணி என்னிடம்.

சொன்னேன். பொடி டப்பா நிறைய, என் மேசைக்கு அடியில் இருந்தது. அடுத்த மாதமும் தீர்ந்துபோயிருந்தது. அதற்கடுத்த மாதமும். ஐந்து மாதம் அந்த டப்பாவை என் காலால் தள்ளித் தள்ளி மறைத்தேன். மடத்தில் யாரும் வேறு கடைக்குப் போகவில்லை, யாரும் வந்து கேட்கவும் இல்லை. மற்றவர்களின் காவியெல்லாம் வெளுத்துப் பழுப்பேறிப் போயிருந்தது. அண்ணனிடம் கேட்டால், “அவ கை, அவ தொட்டி. நான் வண்டிக்காரன்” என்று நழுவிவிடுவான்.

ஒரு மதியம் அண்ணன் மகனே கடைக்கு வந்தான். பேசுவான் என்று நினைத்தேன். அவன் கொடியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து இரண்டு முனையைத் தான் பிடித்து மற்ற இரண்டை அம்மாவிடம் நீட்டினான். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எட்ட நின்று உதறி, நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி எட்டப் போய். முப்பது விரிப்பு மடித்தார்கள். கடைசி விரிப்பில் அண்ணிதான் கேட்டாள்.

“காவி கட்டினா என்னை அம்மான்னு கூப்பிட மாட்டியா?”

“கூப்பிடுவேம்மா. அங்க வர்ற எல்லாரையும் அம்மான்னுதான் கூப்பிடுவேன்.”

“அதான்டா எனக்கு வயித்தெரிச்சல்.”

அவன் சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “உனக்கு மனசு வரலைன்னா வேண்டாம்மா. நான் வெள்ளையிலயே இருந்துடறேன். கோபமெல்லாம் இல்ல.”

அவன் உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் அண்ணியை உறங்கவிடவில்லை. அவன் திரும்பி வரப்போவதில்லை, ஆயுசு முழுக்க வாசல்படியில் நின்றுகொண்டிருப்பான், அவ்வளவுதான். அரைகுறையாக எதையும் தொட்டியிலிருந்து எடுத்துப் பழக்கமில்லாதவள் அவள். மறுநாள் காலையில் என் மேசைக்கு அடியில் கையை விட்டு டப்பாவை இழுத்தாள். “உன் காலைக் கொஞ்சம் எடு. இது இங்க இருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?” என்று என்மேலேயே எரிந்து விழுந்தாள்.

எதிர்ப்புறம் போய்த் தன் வாயால் சரி என்றாள். திரும்பி வந்து அவன் துணியை நனைத்தாள். அது காய்ந்த பிறகு நான் இஸ்திரிக்கு எடுக்கப் போனபோது, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஓரத்தில் சிவப்பு நூலில் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் குறி. துவைக்க வரும்போது எது அவனுடையது என்று அவளுக்காவது தெரிய வேண்டுமாம். நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். வாழ்க்கையில் நான் அண்ணியைக் கேலி செய்யாமல் விட்ட சமயம் அது ஒன்றுதான்.

காவி வாங்கியபின் அவனை அவர் என்று சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் நாக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மடத்து மூட்டை வந்தது. அண்ணி தரையில் கொட்டித் தேடினாள். குறி வைத்த துணி கிடைத்தது. முகத்தருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் வாங்கி முகர்ந்தேன். பெரியசாமி முழங்காலுக்குத் தடவும் தைலத்தின் வாடை. அதைக் கட்டியிருந்தவர் பெரியசாமி. ஒரே அலமாரி, மேலே இருந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார்.

அண்ணி தொட்டிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது வருஷ அழுகை. “போயிட்டான்டி. நெஜமாவே போயிட்டான்” என்றாள். எனக்கும் தாங்கவில்லை. ஏதோ சோப்பு கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்தத் துணியை வெளுத்து மடத்துக்குத் திருப்பி அனுப்பினோம். அடுத்த மூட்டையை அண்ணன் கொண்டுவந்து போட்டபோது அண்ணி அவிழ்க்க வரவில்லை. நான்தான் பிரித்தேன். முதல் துணியின் ஓரத்தில் சிவப்புப் பெருக்கல் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் துணியிலும் இருந்தது. ஒன்றில் மட்டும் அண்ணியின் நேர்த்தியான தையல். மற்ற அத்தனையிலும் ஒரு கால் நீளமாக இழுத்துக்கொண்டிருந்தது.

“அண்ணி, இங்க வா” என்றேன்.

வந்தாள். ஒவ்வொரு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். “முப்பத்திமூணு வயசாச்சு. இன்னும் ஒரு குறி ஒழுங்கா போட வரல” என்றாள்.

“எப்பவும்போல நடுத்தொட்டியில போட்டுடட்டுமா?”

“கண்ணு தெரியலையா உனக்கு? குறியைப் பாரு” என்றாள் அண்ணி. “வீட்டுத் தொட்டியில போடு.”

புதுச் சாயம் முதல் சில சலவைக்கு இறங்கத்தான் செய்யும், அது அவளுக்குத் தெரியாததல்ல. அந்த வாரத்திலிருந்து என் அண்ணனின் வெள்ளைப் பனியன்கள் எல்லாம் லேசான காவி நிறத்தில் இருக்கின்றன.