பக்கத்துக் கட்டில்காரரின் புண்

யட்டியாந்தோட்டையில் றப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த எனக்குக் குடலிறக்க ஒப்பரேஷன் செய்தவர், நெட்டையான, நரைத்த ஒரு சர்ஜன். ஆறாத புண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். தினமும் மருத்துவ மாணவர்களோடு வார்டுக்கு வந்து, பக்கத்துக் கட்டில்காரரின் கால் புண் முன்னால் முட்டிபோட்டு உட்காருவார்.

"தொடுறதுக்கு முன்னால அவர்கிட்ட கேளுங்க" என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். என் பக்கம் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

பொறாமை தாங்காமல் ஒருநாள் கேட்டேன்: "ஏங்க ஐயா, என் வயித்துல படிக்க ஒண்ணுமே இல்லீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. என் தையலைக் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. நல்லா ஆறிருச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போங்க."

மறுநாள் பையோடு கிளம்பினேன். "கொடுத்து வச்சவரு நீங்க" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். அவரைச் சுற்றி மாணவர்கள் நின்றார்கள். சர்ஜன் நிமிரவேயில்லை. அப்போதும் எனக்கு அந்தக் கட்டில்காரர்மேல் பொறாமைதான்.