அஷ்டமியில் ஒரு சாட்சி

பழைய வீடு என்றால் எனக்குக் கால் நிற்காது. கட்டடக்கலை வேறு படிக்கிறேன். பூஜை லீவில் கொல்கத்தாவில் எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டிலேயே கிடக்க வேண்டாம் என்று அப்பா அம்மாவை நச்சரித்து, நகரத்துக்கு வடக்கே, கங்கைக் கரையில் இருந்த ஒரு ஜமீன் தோட்ட வீட்டில் அறை போட்டேன். முற்றத்தில் அந்தக் குடும்பத்தாரே நடத்தும் துர்கா பூஜைக்காகத்தான் விருந்தாளிகள் வருவார்கள். எல்லா அறையும் நிரம்பியிருந்தது.

அஷ்டமி காலை, உத்தரங்களைப் படமெடுக்கும் ஆசையில் பின்கட்டுக்குப் போய் ஒரு கதவைத் தள்ளினேன். கட்டிலில் ஒரு முதியவர். வாயில் ஊற்றிய தண்ணீர் தலையணையில் வழிந்து காய்ந்திருந்தது. பக்கத்தில் அவர் மகள். முந்தின நாள் எங்களுக்குச் சாவி கொடுத்தவள்; அக்கா என்பதற்கு வங்காளத்தில் சொல்வதுபோல் தீதி என்றுதான் கூப்பிட்டேன்.

"விடியறப்பவே போயிட்டார்," என்றாள். "சித்தப்பா கிட்ட சொன்னேன். அப்பா தூங்கறார்னு சொல்லி, கதவைச் சாத்துங்கறார்."

சாவு என்று தெரிந்தால் குடும்பத்துக்கே தீட்டு. பூஜை அத்தோடு நின்றுவிடும்.

"எனக்கு மண்டை குழம்பியிருக்குன்னு புரோகிதர் கிட்ட சொல்லி வெச்சிருக்கார். நீ வெளியாள். பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இந்தப் புழுக்கத்துல, பூஜை முடியற தசமி வரைக்கும் அப்பாவை எப்படிப் போட்டு வைக்கிறது?"

"சொல்றேன் தீதி," என்றேன்.

முற்றத்தில் சித்தப்பா விளக்குகளை வரிசை பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்த திசையைக் கவனித்துவிட்டார்.

"பின்பக்கம் போகாதேம்மா, பாம்பு இருக்கும். நூத்தியெட்டு விளக்கைப் படமெடுக்கணும்னு மூணு தடவை போன் பண்ணினது நீதானே? முன்வரிசையில உட்காரு."

அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவங்க வீட்டு விஷயம். நாம கெஸ்ட்," என்றார் அப்பா.

"நம்ம ஊர்ல தெருவுல பொணம் கிடந்தா கோயில் நடையே திறக்க மாட்டாங்க," என்றாள் அம்மா. உடனே, "நீ எதுலயும் மாட்டிக்காதே" என்றும் சொன்னாள்.

விளக்கேற்றி முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?

மதியம் டாக் மேளம் முழங்கியது. வீட்டுப் பெண்தான் முதல் விளக்கை ஏற்ற வேண்டுமாம். தீதிக்குப் புதுப்புடவை கட்டி அழைத்து வந்திருந்தார்கள். அவள் தீக்குச்சியைக் கிழிக்கவில்லை.

"அப்பா செத்துட்டார்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

மேளம் நின்றது. சித்தப்பா சிரித்தார். "பாவம், மூணு நாளா தூங்கலை."

புரோகிதர் கூட்டத்தைப் பார்த்தார். "யாராவது பார்த்தீங்களா?"

தீதி என்னையே பார்த்தாள். அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. உதறியிருக்கலாம், அப்படியொன்றும் பலமான பிடி இல்லை. நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

புரோகிதர் மேளக்காரருக்குத் தலையசைத்தார். சித்தப்பா தானே ஒரு குச்சியைக் கிழித்து, தீதியின் விரல்களுக்குள் திணித்து, அவள் கையைப் பிடித்து முதல் திரிக்குக் கொண்டுபோனார்.