வசனம் இல்லாத கனகம்மா

வெல்டிங் பட்டறையைத் தாண்டும்போது வந்த கருகல் வாடை, கம்பைநல்லூர் டூரிங் கொட்டகையில் புரொஜக்டரின் கார்பன் குச்சி எரியும் வாடையேதான். அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது நாற்பது விளக்குப் போட்ட கல்யாண மண்டபம். ரசனைக்கு ஒரு விளக்குகூட இல்லை. அன்றைக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? மணலைக் குவித்து மேலேறி உட்கார்ந்து, பின்னால் இருப்பவனுக்குத் திரையை மறைத்த கூட்டம்தானே.

ஒன்பது பேசாப்படங்களில் கதாநாயகியாக நடித்து, படம் பேசத் தொடங்கியதும் கன்னடம் கலந்த தமிழால் வேலையிழந்த கனகம்மா அங்கே முறுக்கு விற்றாள். நடித்தவள் என்று ஒருவரும் நம்பவில்லை. ஒருநாள் ரீல் அறுந்தபோது ஆண்கள் பக்கமிருந்து ஒருவன், "ஏம்மா, நீ நடிகையாமே? ஒரு வசனம் உடு பாக்கலாம்!" என்றான். பேசாப்பட நடிகையிடம் வசனம் கேட்ட அறிவாளி!

அவள் கூடையை இறக்கிவிட்டு, பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகத் திரைக்கு முன்னால் நின்றாள். வாய் அசையவில்லை, முகம் மட்டும் மெல்ல மெல்ல உடைந்தது. பெண்கள் பக்கம் விசும்பல் எழுந்தது.

"அய்யோ, போதுங்கம்மா, தாங்கலீங்க!" என்று ஒருத்தி அழுதாள்.

அதற்குள் படம் ஓடத் தொடங்கிவிட்டது.

"ஏய், ஒக்காரு, மறைக்குது!" என்று கத்தினார்கள் ஆண்கள்.

கனகம்மா பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவர்கள் திரைக்கு முதுகைக் காட்டி, அவளைச் சுற்றி நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.