துறைமுக நீதிமன்றத்தின் மேல் ஒரு புகார்

அவளைப் படகுக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஏழுவாசல் என்கிற இணைய விளையாட்டில் அவள் ஏற்றிருந்த வேடம் அது. அந்த விளையாட்டில் சுடுவது, ஓடுவது, குதிப்பது எதுவும் கிடையாது. ஏழுவாசல் ஒரு கற்பனைத் துறைமுக நகரம். அங்கே கப்பல் தலைவன், மருத்துவச்சி, பூட்டுத் திருடன் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆள் என்ன பேசுவான், என்ன செய்வான் என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒருவர் எழுத, அதற்கு இன்னொருவர் பதில் எழுத, கதை தானாக வளரும். புதிதாக வருகிறவர்களைப் படகில் ஏற்றி நகரத்துக்குள் கொண்டுவந்து விடுவது அவள் வேலை. வந்த பிறகு அவர்களுக்குள் மூளுகிற சண்டைகளைத் தீர்த்து வைப்பதும் போகப்போக அவள் தலையிலேயே விழுந்தது.

விளையாட்டை உருவாக்கியது அவளுடைய தம்பி. கம்ப்யூட்டர் பக்கம் முழுக்க அவனுடையது. "அக்கா, மெஷினை நான் பாத்துக்கறேன், மனுஷங்களை நீ பாத்துக்கோ" என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டான். எது லேசான வேலை என்று தெரிந்துதான் பிரித்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

பகலில் அவளுக்கு லிப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. அங்கேயும் புகார் வாங்குகிற மேஜைதான். லிப்ட் நின்றுவிட்டது, கதவு மூடவில்லை, நாலாவது மாடியை அழுத்தினால் ஆறாவது மாடிக்குப் போகிறது என்று போன் வந்தபடியே இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்களே சில சமயம் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டு, "உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க? மூச்சு விட சிரமமா இருக்கா? ஆள் கிளம்பியாச்சு, அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்" என்பாள். அந்த அலுவலகத்தில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

ஏழுவாசலில் வரும் புகார்கள் வேறு தினுசு. "என் குதிரை செத்ததை என்னைக் கேட்காமல் எப்படி முடிவு செய்தீர்கள்?" "என் வேடத்தை மூன்று பேர் ஒரே வாரத்தில் காதலிக்கிறார்கள், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்." "பூட்டுத் திருடன் உண்மையிலேயே நன்றாகத் திருடுகிறான், இது நியாயமில்லை." அவள் கணவர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர், விளையாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். ஆனால் சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "உங்க ஊர்ல இன்னிக்கு என்ன கலாட்டா?" என்று கேட்காமல் நகர மாட்டார்.

புகார் எழுதுவதில் கயிற்றுக்காரரை மிஞ்ச ஆளில்லை. துறைமுகத்தில் கயிறு விற்கும் கடைக்காரர் வேடம் அவருக்கு. நிஜத்தில் யார், என்ன வேலை, ஒன்றும் தெரியாது. சந்தையில் கூட்டம் அதிகம் என்பதற்கும் எழுதுவார், கூட்டம் இல்லை என்பதற்கும் எழுதுவார். பக்கம் பக்கமாக, ஒரு புள்ளி பிசகாமல் எழுதுவார். அவர் பெயரைப் பார்த்ததுமே நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். படகுக்காரியும் பாதி படித்துவிட்டு மீதியை ஊகித்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

அந்த முறை வந்த புகார் துறைமுக நீதிமன்றத்தைப் பற்றியது. அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வேடம் தம்பியுடையது. கயிறு அறுந்து தன் கப்பல் மூழ்கிப்போனதாகக் கப்பல் தலைவன் வழக்குப் போட்டிருந்தான். கப்பல் தலைவனாக நடிப்பவர் தம்பியோடு கல்லூரியில் படித்த நண்பர். தீர்ப்பு கயிற்றுக்காரருக்கு எதிராகப் போய், கடை பறிமுதலாகி, அவர் நகரத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஒரு வேடத்தை அத்தனை காலம் வளர்த்தவருக்கு அது வீட்டை இடித்த மாதிரிதான்.

புகாரை அவர் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டார். அதற்குத் தம்பியே முந்திக்கொண்டு பதில் எழுதினான். "தோற்றவர்கள் நடுவரைத் திட்டுவது வழக்கம்தான். அடுத்த புகார் எப்போது?" உடனே அவன் நண்பர்கள் சேர்ந்துகொண்டு கேலியில் இறங்கினார்கள். ஒருவர் கயிற்றுக்காரரின் பழைய புகார்களையெல்லாம் கிண்டலடித்துப் பாட்டே கட்டிவிட்டார். அவளுக்கு அன்று தலைக்கு மேல் வேலை. எப்போதும் அனுப்புகிற வாசகத்தை எடுத்து ஒட்டினாள். "உங்கள் கருத்துக்கு நன்றி. நீதிமன்றத்தின் தீர்ப்பு இறுதியானது."

வழக்கமாகப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர் அதற்கு இரண்டே வரி எழுதினார்.

"தீர்ப்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை. என்னைப் பேச விடாததைப் பற்றித்தான் கேட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. லிப்டில் மாட்டிக்கொண்டு கத்துகிறவரிடம் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்திருக்கிறாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் அலுவலக மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, அந்த வழக்கைப் போனில் படித்தாள். கப்பல் தலைவன் நீட்டி முழக்கிப் பேசியிருந்தான். நடுவே நகைச்சுவை வேறு, அதற்கு நீதிபதி சிரித்திருந்தார். கயிற்றுக்காரர் வாயைத் திறந்து மூன்றாவது வரியில், "நீதிமன்றம் கேட்டது போதும்" என்று நீதிபதி சுத்தியலைத் தட்டிவிட்டார். அதற்கு முந்தைய வழக்குகளையும் தேடிப் படித்தாள். சிலருக்குச் சுத்தியல் விழவே இல்லை. சிலருக்கு விழுந்துகொண்டே இருந்தது. தம்பி வஞ்சகம் பண்ணுகிறவன் கிடையாது, அது அவளுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் பேசினால் நேரம் போவதே தெரியாமல் கேட்டிருக்கிறான், தெரியாதவர்கள் பேசும்போது கடிகாரத்தைப் பார்த்திருக்கிறான். ஆனால் தள்ளி நிற்கிறவனுக்கு வஞ்சகமும் இதுவும் ஒன்றாகத்தான் தெரியும்.

அன்றைக்கே கயிற்றுக்காரருக்கு எழுதினாள். "ஐயா, உங்கள் புகாரை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். போனில் பேசலாமா?"

பிறகு ஒரு எண் வந்தது.

கூப்பிட்டாள். எடுத்ததும் எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற ஒரு ஆளை அவள் எதிர்பார்த்திருந்தாள்.

"நா... நா..." என்றது குரல். நின்றது. மறுபடி தொடங்கியது. "நான்தான்மா. எனக்குப் பே... பேச்சு திக்கும். கொஞ்சம் பொ... பொறுத்துக்கணும்."

லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பயத்தில் வார்த்தை வராமல் தவிப்பது அவளுக்குப் பழக்கம்தான். அப்போது நாம் வார்த்தையை எடுத்துக் கொடுத்தால் அவர்களுக்குப் பதட்டம்தான் கூடும்.

"மெதுவா சொல்லுங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

அவர் சொன்னார். மருந்துக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் அவர் சொல்லி முடிப்பதற்குள் மருந்துச் சீட்டை நீட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். வீட்டில் அவர் ஆரம்பித்த வாக்கியத்தை மனைவி முடித்து வைப்பாள், அன்பால்தான்.

"எழுதறப்பதான்மா நான் ஆரம்பிச்சதை நா... நானே முடிக்கறேன். அதான் நீளமா எழுதறேன். எல்லாருக்கும் க... கடுப்பா இருக்கும், தெரியும். அந்தக் கோர்ட்ல பேசறதுக்கு ஒரு வா... வாரமா யோசிச்சு வெச்சிருந்தேன்."

"தப்பு எங்க மேலதான் ஐயா. என்ன செய்யலாம்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள். செய்து தருகிறேன் என்று சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். லிப்ட் என்றால் உடனே வாக்குக் கொடுத்துவிடுவாள், அது அவளோடு கூடப் பிறந்ததில்லை. தம்பி கூடப் பிறந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வந்தான். அடுத்த தெருவில்தான் குடியிருந்தான். அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அந்தக் கயிறு கேஸை மறுபடி விசாரிக்கணும்டா. வேற ஒரு நீதிபதி வெச்சு."

"ஏன்?"

"அவரைப் பேச விடல நீ. நான் படிச்சுப் பாத்தேன். அவரை மட்டும் இல்ல, இன்னும் பல பேரை."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "அந்த ஆளு மழை பெய்ஞ்சாலும் புகார் எழுதுவார்க்கா. அவர் பேச்சைக் கேட்டுட்டு என்னைக் குத்தவாளி ஆக்கறியா? நீ யார் பக்கம்?"

"பக்கம் என்னடா பக்கம். அவர் நூறு தடவை சும்மா எழுதியிருக்கலாம். இந்தத் தடவை சரியாத்தான் எழுதியிருக்கார்."

"ஆபீஸ் முடிஞ்சு வந்து, தூக்கத்தை விட்டு இதை ஓட்டறேன். ஒருத்தனாவது நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கானா? குத்தம் சொல்லத்தான் வரிசைல நிக்கறாங்க. இப்ப நீயுமா?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ உழைக்கலன்னு யாரும் சொல்லல. அந்த நாற்காலி உனக்கு ஒத்து வரல, அவ்வளவுதான். உன் பிரெண்டு பேசறப்போ நீ நீதிபதியா கேக்கல, பிரெண்டா கேட்டுட்டிருந்தே."

"சர்வர் என் பேர்லதான் ஓடுதுக்கா, ஞாபகம் இருக்கட்டும்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே முகம் மாறியது. அவள் கோபப்படவில்லை.

"ஆமா, உன் பேர்லதான் ஓடுது. நிறுத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லிடு. அவங்கவங்க எழுதினதை எடுத்து வெச்சுக்கட்டும்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் பேப்பரைத் தாழ்த்தவே இல்லை. அதன் பின்னாலிருந்தே, "சரியாத்தான் சொன்னே. ஆனா கொஞ்சம் கறாரா சொல்லிட்டே" என்றார்.

"எப்படிச் சொன்னாலும் அது அவனுக்குக் கறாராத்தான் இருக்கும்" என்றாள் அவள். அன்று முழுவதும் வேலை எதிலும் மனம் ஒட்டவில்லை.

சாயங்காலம் அறிவிப்பை எழுதினாள். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் நின்றது சின்ன அறிவிப்புதான். கயிறு வழக்கில் ஒரு தரப்பைப் பேச விடவில்லை, அது தவறு. புகார் வந்தபோது தான் அதைப் படிக்காமல் பதில் அனுப்பியதும் தவறு. வழக்கை மருத்துவச்சி மறுபடி விசாரிப்பார். தீர்ப்பு எப்படி வேண்டுமானாலும் வரலாம். புகார் கொடுத்தவரைக் கேலி செய்த பதிவுகள் நீக்கப்படுகின்றன, இனிமேல் வந்தாலும் நீக்கப்படும்.

அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது. தம்பியையே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றார்கள். நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்றார்கள். அப்படியானால் என் பழைய வழக்கையும் திற என்று வரிசையாக வந்தார்கள். கப்பல் தலைவன் வேடக்காரர் விளையாட்டை விட்டே போனார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். அவர்களில் ஒருத்தி, அவள் முதன்முதலில் படகேற்றி அழைத்து வந்தவள்.

வந்த ஏச்சுகளையெல்லாம் அவள் படித்தாள். பாதி வெறும் ஆத்திரம். மீதியில் யோசிக்க வேண்டியவையும் இருந்தன. நீதிபதியை யார் நியமிக்கிறார்கள், எத்தனை நாளைக்கு என்று விதியே இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அவரையே கூப்பிட்டு விதி எழுதச் சொன்னாள். திட்டிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

"பேசாம வேற ஊருக்குக் குடி போயிடலாமா?" என்றார் கணவர் டீயை நீட்டியபடி.

"அங்கயும் என்னைத்தான் படகு ஓட்டச் சொல்லுவாங்க" என்றாள்.

மறுவிசாரணை நடந்தது. மருத்துவச்சி வேடக்காரர் நிஜத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு பெண். கப்பல் தலைவன் சார்பில் அவருடைய மாலுமி வாதாடினார். கயிற்றுக்காரர் பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கயிறு திரிக்கிற விதம், உப்புக் காற்று நாரை என்ன செய்யும், புயலன்று யார் எங்கே நின்றார்கள் என்று ஒன்று விடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் முதலில் சலித்தவர்கள்கூடப் பிறகு அசையவில்லை. எல்லாம் முடிந்தபின் மருத்துவச்சி ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் கயிற்றின் உள்நார் எங்கிருந்து வந்தது?"

கயிற்றுக்காரர் எழுதினார். "கயிற்றுக்காரர் தன் கைகளைப் பார்க்கிறார். பிறகு சொல்கிறார். அது உடைத்த படகிலிருந்து எடுத்த பழைய நார். மேலே மட்டும் புது நார் சுற்றினேன். அந்த வருடம் வியாபாரம் மோசம். கப்பல் என் கயிற்றால்தான் போனது."

அப்படி எழுதச் சொல்லி யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தன் ஆள் அந்த இடத்தில் பொய் சொல்ல மாட்டான் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. தீர்ப்பு மறுபடியும் அவருக்கு எதிராகவே வந்தது. கடை போனது, நகரமும் போனது. அன்றைக்கு அவர் படகுக்காரிக்குத் தனியாக எழுதினார். "தீர்ப்பு சரி. விசாரணையும் சரி. ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாக இருக்கிறேன். பின்குறிப்பு: நீதிமன்றப் படிக்கட்டு வர்ணனையில் எழுத்துப்பிழை இருக்கிறது." அவர் இப்போது கலங்கரை விளக்கக் காவலாளி வேடத்தில் இருக்கிறார். புகார் குறையவில்லை. அவள் முழுசாகப் படிக்கிறாள். பெரும்பாலும் "இல்லை ஐயா, இது முடியாது" என்றுதான் பதில் எழுதுகிறாள். அவரும் சரி என்று விட்டுவிடுகிறார்.

தம்பி வெகுநாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் சர்வர் ஒரு நாளும் நிற்கவில்லை. அறுந்த இடங்களை யாரோ ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். அவள் போன் பண்ணினால், "வேலையா இருக்கேன்" என்பான். அவளும் சமாதானம் பேசவில்லை. திரும்ப வாங்கிக்கொள்ளும்படி அவள் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஏழுவாசலுக்குப் புதிதாக ஒரு மீன்காரர் வந்தார். வாய்த்துடுக்கான மீன்காரர். வந்த வேகத்திலேயே மீன் கழுவிய தண்ணீரைத் தெருவில் ஊற்றியதற்காகச் சந்தை அதிகாரியிடம் தண்டம் கட்டினார். மறுநாள் படகுக்காரிக்கு ஒரு புகார் வந்தது.

"மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு. தண்ணீர் ஊற்றியது உண்மை. ஆனால் தெருவின் நடுவில் ஊற்றவில்லை, ஓரமாகத்தான் ஊற்றினேன். அதிகாரி என் தொழிலைக் கேவளமாகப் பேசியதை மட்டும் விசாரிக்கக் கோருகிறேன்."

'கேவலமாக' என்பதை அவள் தம்பி சின்ன வயதிலிருந்தே 'கேவளமாக' என்றுதான் எழுதுவான். இங்கேயும் அப்படியே எழுதியிருந்தான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சந்தைக் காட்சியை முதல் வரியிலிருந்து படித்தாள். பிறகு பதில் எழுதினாள்.

"மீன்காரர் அவர்களுக்கு. படித்தேன். ஊற்றியது ஓரத்தில் அல்ல, நடுவில்தான். தண்டம் அப்படியே இருக்கும். அதிகாரி பேசியது தவறு. அவரிடம் சொல்லிவிட்டேன், இன்று உங்களிடம் மன்னிப்புக் கேட்பார்."

அனுப்பிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.